படத்தில் இருப்பவருக்கு அந்தப் படத்தில் என்ன உரிமை?

ஒரு வாசகர் கேட்டது இது: "புகைப்படம் சமூகத்தையும் பண்பாட்டையும் உண்மையிலேயே மாற்றியிருக்கிறதா, இல்லை நடந்ததைப் பதிவு செய்ததோடு சரியா? சட்டமும் அரசும் ஏன் கேமராவைக் கண்டால் இவ்வளவு பதறுகின்றன?"

மாற்றியிருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் எப்படி மாற்றியது என்று கேட்டால், "படம் உண்மையைச் சொல்லும், மக்கள் பார்த்துத் திருந்துவார்கள்" என்று வழக்கமாகச் சொல்லும் கதையை நான் சொல்லமாட்டேன். இருபது வருஷமாகக் கேமராவோடு அலைகிறவன் நான். அதில் பாதிக் காலம் பழைய நெகட்டிவ்களைப் பிரித்து அடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எந்தப் புகைப்படத்தைச் சுற்றியும் நான்கு பேர் நிற்கிறார்கள். எடுத்தவர், படத்தில் இருப்பவர், படத்தைக் கையில் வைத்திருப்பவர், பார்க்கிறவர். புகைப்படத்தைப் பற்றிய வழக்குகளும் அரசியல் சண்டைகளும் இந்த நான்கு பேருக்குள் நடக்கும் இழுபறிதான். அதில் அநேகமாகத் தோற்றுப்போகிறவர் படத்தில் இருப்பவர்.

மனிதர் விழுந்த முதல் படத்திலிருந்தே அப்படித்தான். 1838இல் பாரிஸில் லூயி டாகேர் ஒரு ஜன்னலிலிருந்து பூல்வார் டு டாம்ப்ள் என்ற வீதியைப் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஆளுமாக எப்போதும் நெரிசலான வீதி அது. படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. அவர் படம் பிடித்த உலோகத் தகட்டில் காட்சி பதியப் பல நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் நடந்து போனவர்கள் யாரும் விழவில்லை. இடது பக்கம் கீழே, நடைபாதையில் ஒருவர் மட்டும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் காலணிக்கு இன்னொருவர் பாலிஷ் போடுகிறார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்கள் இருவரும்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். உற்றுப் பாருங்கள். நின்றவர் ஓரளவு தெளிவாக இருக்கிறார். வேலை செய்தவர் கை ஓயாமல் அசைந்ததால் கலங்கலாக இருக்கிறார். இரண்டு பேருக்குமே தாங்கள் படத்தில் விழுந்தது தெரியாது, அவர்கள் பெயர் இன்றுவரை நமக்கும் தெரியாது.

1839 ஆகஸ்ட் 19 அன்று டாகேரின் படமெடுக்கும் முறை பாரிஸில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு அதை உலகத்துக்கே இலவசம் என்று அறிவித்தது. அடுத்த வருஷமே முதல் பொய்ப் படமும் வந்துவிட்டது. தனியாக ஒரு முறையைக் கண்டுபிடித்தும் அங்கீகாரம் கிடைக்காத ஹிப்போலித் பயார் என்பவர், தான் தண்ணீரில் மூழ்கிச் செத்துக் கிடப்பதுபோல உட்கார்ந்து தன்னையே படமெடுத்து, பின்பக்கம் தன் சாவுக்கு அரசே காரணம் என்பதுபோல ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். "முன்பெல்லாம் படம் பொய் சொல்லாது, இப்போதுதான் கெட்டுவிட்டது" என்று யாராவது சொன்னால் பயாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பண்பாட்டுக்கு வருவோம். புகைப்படம் வருவதற்கு முன்னால் தன் உருவத்தை விட்டுச் செல்வது காசுள்ளவர்களுக்கு மட்டுமே முடிந்த காரியம். ஓவியரை அமர்த்த வேண்டும், நாள்கணக்கில் உட்கார வேண்டும். 1854இல் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முகவரி அட்டை அளவுப் படங்கள் மலிவாக வர ஆரம்பித்தன. தாத்தாவின் முகத்தைப் பேரன் பார்க்க முடிகிறது என்பது சாதாரண மாற்றம் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு மனித வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அந்த மாற்றத்தை யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தவர்கள். ஃபிரெடெரிக் டக்ளஸின் படங்கள் மட்டும் 160 போல இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களில், லிங்கனையும் மிஞ்சி, அதிகமாகப் படமெடுக்கப்பட்டவர் அவர்தான். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துகொண்டிருந்த காலத்தில், சிரிக்காத முகத்தோடு, மிடுக்கான உடையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். அது அவர் திட்டமிட்டு நடத்திய பிரசாரம். சோஜர்னர் ட்ரூத்தும் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தன் படத்தை அட்டையாக அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1864இல் அந்தப் படங்களின் பதிப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். ஸ்டூடியோக்காரர் பெயரில் இருக்க வேண்டிய உரிமையை, ஒருகாலத்தில் தன் உடலே தனக்குச் சொந்தமில்லாமல் இருந்த ஒரு பெண் தன் முகத்துக்கு வாங்கினார். நான் சொன்ன நால்வரில் படத்தில் இருப்பவரே படத்தைக் கையிலும் வைத்திருந்த அபூர்வமான தருணம் அது.

அரசாங்கத்தின் கேமரா வேறு மாதிரி. 1880களில் பாரிஸ் காவல் துறையில் அல்ஃபோன்ஸ் பெர்தியோன் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: கைதியை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில். இன்றைக்கு உலகத்திலுள்ள காவல் நிலையங்களில் எடுக்கும் படம் அதன் வாரிசுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பாஸ்போர்ட்டில் படம் கட்டாயமானது. அதிலிருந்து, படம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்பது மனிதர்களுக்குப் பழகிப்போனது.

இந்த அடையாளப் படம் எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு அல்ஜீரியாவைப் பார்க்க வேண்டும். 1960இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. கிராமத்து மக்களைப் பிடுங்கி முகாம்களில் வைத்திருந்த பிரெஞ்சு ராணுவம், எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்க முடிவு செய்தது. படமெடுக்க மார்க் கரான்ஷே என்ற இளம் சிப்பாய்க்கு உத்தரவு வந்தது. ஒரு நாளைக்கு 200 பேர், பத்து நாளில் ஏறக்குறைய 2,000 பேர். பெரும்பாலும் பெண்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்கார வேண்டும், முகத்திரையை எடுக்க வேண்டும். குடும்பத்தில் உள்ளவர்களைத் தவிர வேறு ஆண் பார்க்காத முகத்தை எதிரி ராணுவத்தின் கேமராவுக்குக் காட்ட வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்தப் படங்களைப் பார்த்தால் சட்டென்று கடந்து போக முடியாது. சிலருக்குத் தலைமுடி கலைந்திருக்கும், துணி இழுக்கப்பட்ட வேகம் தெரியும். ஆனால் கண்கள்! ஒருவர்கூடக் கெஞ்சவில்லை. லென்ஸை நேராக முறைக்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததை அந்தப் பார்வையால் சொன்னார்கள். கரான்ஷேக்கே அது சுட்டிருக்கிறது. போரை எதிர்த்தவர் அவர். பின்னால் அந்தப் படங்களை ராணுவம் செய்ததற்குச் சாட்சியாக வெளியிட்டார். அடக்குவதற்காக எடுத்த படம் அடக்கியவனுக்கு எதிரான சாட்சியானது. 2004இல் அவர் திரும்பிப் போய் அந்தப் பெண்களில் சிலரைத் தேடிப் பிடித்தார். பலரிடம் தங்கள் படம் என்று இருந்தது அது ஒன்றுதான். கட்டாயத்தில் எடுத்ததாக இருந்தாலும் அவரை வரவேற்றிருக்கிறார்கள். இதை நல்ல கதை, கெட்ட கதை என்று ஒரு பக்கமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: ஒரு படம் சட்டத்தையே மாற்றுமா? லூயிஸ் ஹைனை வைத்துச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908இலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்புக்காக அமெரிக்காவின் நூற்பாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போய்ப் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், போஸ்ட் கார்டு விற்பவர் என்று வேஷம் போட்டுப் போவார். குழந்தையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார், சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பெடுப்பார். அந்த வருஷம் டிசம்பரில் வட கரோலினாவின் ஒரு நூற்பாலையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நீளமாகப் போகும் கதிர் எந்திர வரிசை, பக்கத்தில் ஒரு சிறுமி. ஹைன் எழுதிய குறிப்பைச் சுருக்கித் தருகிறேன்: உயரம் 51 அங்குலம். ஒரு வருஷமாக ஆலையில் இருக்கிறாள். சில நாள் இரவு வேலையும் உண்டு. நாளைக்கு 48 சென்ட். வயசு என்ன என்று கேட்டதற்குத் தயங்கி, "ஞாபகம் இல்லை" என்றாள். அப்புறம் ரகசியமாக, "வேலை செய்யும் வயசு எனக்கு இன்னும் ஆகவில்லை, ஆனாலும் செய்கிறேன்" என்றாள்.

படத்தை மட்டும் பார்த்தால் அழகான படம். பக்கவாட்டு வெளிச்சம், ஓடும் கோடுகள். அந்த நாலு வரிக் குறிப்புதான் அதைச் சாட்சியாக்குகிறது. இதை நான் படமெடுக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். உயரமும் கூலியும் தேதியும் இடமும் இருந்ததால்தான் முதலாளிகளால் "பொய்" என்று ஒதுக்க முடியவில்லை. இப்படி 5,000 படங்களுக்கு மேல் சேர்ந்தன. 1916இல் ஒரு சட்டம் வந்தது, 1918இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நாடு முழுவதற்குமான நிலையான தடை 1938இல்தான் வந்தது. முப்பது வருஷம். அந்தச் சிறுமி அதற்குள் நாற்பதைத் தொட்டிருப்பாள். படம் சட்டத்தை மாற்றியதா என்றால், படத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் விடாமல் வாதாடிய ஒரு கூட்டம் மாற்றியது. கூட்டம் இல்லாத படம் அலமாரியில் தூங்கும். ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார்.

காங்கோவிலும் அதே கதைதான். 1904இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண், ரப்பர் கணக்கில் குறைந்ததற்காகக் கொல்லப்பட்ட தன் சிறு மகளின் வெட்டுண்ட கையையும் பாதத்தையும் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நசாலா என்ற தந்தையைப் படமெடுத்தார். அந்தப் படங்களை ஸ்லைடுகளாக்கிப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரங்கு அரங்காகக் காட்டினார்கள். பெல்ஜிய மன்னர் லெயோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த காங்கோ 1908இல் அவர் கையை விட்டுப் போனது. காலனி ஆட்சி போகவில்லை, பெல்ஜிய அரசுக்குக் கை மாறியது. அந்த வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கேமராவும் உண்டு. 1876 முதல் 1878 வரை நடந்த சென்னை மாகாணப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. அந்தப் படங்கள் இன்றும் நம் கண்ணில் படுகின்றன. இதே ஹூப்பர் மீது 1886இல் மண்டலேயில் இன்னொரு குற்றச்சாட்டு எழுந்தது. மரண தண்டனைக்காக நிறுத்தப்பட்ட பர்மியர்களைச் சுடும் கணத்தைத் தகட்டில் பிடிப்பதற்காக, சுடும் உத்தரவுக்கு முன்னால் அவர்களைக் காக்க வைத்தார் என்று. விஷயம் லண்டன் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய் விசாரணை நடந்தது. பஞ்சப் படங்களை எடுத்த கை எது என்று தெரிந்த பிறகு என்னால் அவற்றைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அந்த மனிதர்கள் எதற்காக எழுந்து, நகர்ந்து, வரிசையில் உட்கார்ந்தார்கள்? சாப்பாடு கிடைக்கும் என்றா? அதைப் படம் சொல்லாது.

படத்தைத் திருத்தி அரசியல் செய்வது பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாஸ்கோ கால்வாய்க் கரையில் எடுத்த படத்தில் ஸ்டாலின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த யெஷோவ் என்ற ரகசியப் போலீஸ் தலைவர், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த பிரதியில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது.

ஆனால் திருத்தாமலும் ஒரு படத்தைப் பொய்யாக்கலாம், வெட்டினால் போதும். 1944 ஆகஸ்டில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள், கடத்திக் கொண்டுவந்த கேமராவில் நான்கே நான்கு படங்கள் எடுத்தார்கள். மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே சாவு. ஃபிலிமைப் பற்பசைக் குழாயில் வைத்து வெளியே அனுப்பினார்கள். இரண்டு படங்களில் ஓரமெல்லாம் கறுப்பு. ஒரு கதவின் இருட்டுக்குள் மறைந்து நின்று எடுத்திருக்கிறார் என்பது அதனால்தான் தெரிகிறது. இன்னொன்றில் மரக்கிளையும் வானமும் தவிர எதுவும் இல்லை. கேமராவைக் கண்ணுக்குக்கூடக் கொண்டுபோக முடியாமல் இடுப்போடு வைத்து அழுத்தியிருக்கிறார். பிற்காலத்தில் இவற்றை வெளியிட்டவர்கள் "தெளிவாக இருக்கட்டும்" என்று அந்தக் கறுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் கறுப்போடு எடுத்தவரின் பயமும் துணிச்சலும் போய்விட்டது. நிம்மதியாக நின்று எடுத்ததுபோல ஆகிவிட்டது. பழைய நெகட்டிவ்களோடு வேலை பார்த்த காலத்தில், ஓரம் அழுக்காக இருக்கிறது என்று கத்தரிக்கப் போகும்போதெல்லாம் இந்தப் படங்கள் நினைவுக்கு வரும்.

இனிச் சட்டம். கேமரா பெரிய பெட்டியாக, ஆள் அசையாமல் உட்கார வேண்டியதாக இருந்தவரை சம்மதம் ஒரு பிரச்சினையே இல்லை. உட்கார்ந்தாலே சம்மதம்தான். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். நூறு படம் எடுக்கும் சுருள் உள்ளேயே இருக்கும், பொத்தானை அமுக்கினால் போதும். இரண்டே வருஷத்தில், 1890இல், வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை என்று ஒன்று வேண்டும் என எழுதினார்கள். காரணமாக அவர்கள் சுட்டியது கணநேரப் புகைப்படங்களையும் பத்திரிகைகளையும்தான். அந்தரங்க உரிமை பற்றிய நவீனப் பேச்சு பெரிய அளவில் ஒரு கேமராப் பொத்தானிலிருந்து பிறந்தது.

உடனே நீதி கிடைத்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு மாவுக் கம்பெனி, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலே விளம்பரத்தில் போட்டு 25,000 சுவரொட்டிகள் அடித்து ஒட்டியது. அவர் வழக்குப் போட்டார். 1902இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை என்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கைவிரித்தது. மக்கள் கொதித்தார்கள். மறு வருஷமே சட்டமன்றம் சட்டம் போட்டது: விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவர் பெயரையும் படத்தையும் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், மர நிழலில் காத்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் யாரோ சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்ததைப் படமெடுத்தேன். அவரிடம் காட்டினேன், அவருக்கும் பிடித்திருந்தது. அந்தப் படத்தை மற்ற படங்களோடு சேர்த்து, புகைப்படங்களை வாங்கி விற்கும் ஒரு கம்பெனிக்கு விற்றேன். ஒப்பந்தத்தில் "எந்தப் பயன்பாட்டுக்கும்" என்று ஒரு வரி இருந்தது, படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து, ஒரு தொற்றுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டியில் அதே முகம். கீழே "நோயிலிருந்து மீண்டேன்" என்று ஒரு வரி. அந்த அம்மாவுக்கு அந்த நோய் வந்ததே இல்லை. அவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டார். சண்டை போடவில்லை. "என் முகம்தானே தம்பி, எனக்குத் தெரியாமல் எப்படி?" என்று மட்டும் கேட்டார். சட்டப்படி நான் தப்பு செய்யவில்லை என்று வக்கீல் சொன்னார். அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐரோப்பாவில் சட்டத்தை அசைத்தது ஒரு பிணம். 1898 ஜூலையில் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் ஜன்னல் வழியாக அறைக்குள் புகுந்து, மரணப் படுக்கையில் கிடந்த அவரை ஃபிளாஷ் போட்டு எடுத்து விற்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்ததைத்தான் பிடித்துக்கொள்ள முடிந்தது, உருவத்துக்கென்று உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1907இல் ஜெர்மனி, ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் செய்தது. விதிவிலக்குகளோடு அது இன்றும் இருக்கிறது.

பொது இடத்தில் எடுத்தால் என்ன? இதற்கு உலகம் முழுக்க ஒரே பதில் இல்லை. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படம் கேட்காமலே ஒரு கலை இதழில் வந்தது. கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்தார்கள். 1998இல் கனடா உச்ச நீதிமன்றம், வெளியிட அந்தப் பெண்ணின் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லி 2,000 டாலர் நஷ்டஈட்டை உறுதி செய்தது. நியூயார்க்கில், தெருவில் நடந்து போனவர்களை மறைத்து வைத்த ஃபிளாஷ் விளக்குகளால் படமெடுத்துக் கண்காட்சி வைத்தார் பிலிப் லோர்கா டிகோர்சியா. அதில் இருந்த மதப்பற்றுள்ள ஒரு யூத முதியவர், உருவம் பதிப்பதே தன் நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் இது கலை, வியாபார விளம்பரம் இல்லை என்று தள்ளிவிட்டது. அந்தப் பிரின்ட்கள் பெரும் விலைக்கு விற்றவை என்பது வேறு விஷயம். எனக்கு இரண்டு தீர்ப்பிலும் மனம் ஒப்பவில்லை. கியூபெக் மாதிரி எல்லா இடத்திலும் ஆகிவிட்டால் தெருவின் வரலாறே பதியாமல் போகும். நியூயார்க் மாதிரி விட்டுவிட்டால் அந்த முதியவருக்குப் போக்கிடமே இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: எடுப்பதையும் வெளியிடுவதையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிற நாடுகளில்தான் இந்தச் சிக்கல் ஓரளவுக்காவது நியாயமாகத் தீர்கிறது. அதிகாரம் செய்கிறவர்களையும் அவர்கள் செயலையும் பொது இடத்தில் படமெடுப்பதற்கு இந்தச் சம்மதப் பேச்சையே தடையாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தனிமனிதரின் கூச்சம் வேறு, பதவியின் கூச்சம் வேறு.

நீதிமன்றத்துக்குள் போனால் படம் தானாகப் பேசும் என்றும் நினைக்க வேண்டாம். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்ததை ஒருவர் வீடியோவில் பிடித்தார். உலகமே பார்த்தது. வழக்கில் காவலர் தரப்பு அதையே ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, ஒவ்வொரு அசைவையும் அவர் எதிர்த்தார் என்பதற்கு ஆதாரமாக விளக்கியது. 1992 ஏப்ரலில் காவலர்களுக்கு விடுதலை, தொடர்ந்து கலவரம். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் ஒரு காவலரின் பிடியில் இறந்தபோது காவல் துறையின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவ அசம்பாவிதம் என்றே சொன்னது. 17 வயதுப் பெண் ஒருவர் தன் போனில் எடுத்த வீடியோ அந்த அறிக்கையை உடைத்தது, அடுத்த வருஷம் அந்தக் காவலருக்குத் தண்டனையும் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் 29 வருஷப் போராட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படத்தில் இருப்பவரின் உரிமை பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே கனமான வழக்கு ஹார்வர்டு வழக்கு. 1850இல் லூயி அகாசி என்ற ஹார்வர்டுப் பேராசிரியர், கறுப்பினத்தவர் தாழ்ந்தவர்கள் என்ற தன் கோட்பாட்டுக்கு ஆதாரம் தேடினார். அவருக்காகத் தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த சிலரைத் துணி களைய வைத்து டாகேர் தகட்டில் படமெடுத்தார்கள். அவர்களில் ரென்டி என்ற முதியவரும் அவர் மகள் டெலியாவும் இருந்தார்கள். அந்தத் தகடுகள் 1976இல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பரணில் கிடைத்தன. 2019இல் டமாரா லனியர் என்பவர், ரென்டி என் மூதாதை, படங்களை எங்களிடம் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் சொன்னது: படம் எடுத்தவருக்குத்தான் சொந்தம், படத்தில் இருப்பவருக்கு அதில் சொத்துரிமை கிடையாது. அடிமைக்கும் அதே விதிதான்! 2022இல் ஹார்வர்டு இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொத்துரிமையை மறுத்தாலும், அவருக்கு ஏற்பட்ட மன வேதனைக்காக வழக்கு நடத்தலாம் என்றது. 2025 மே மாதம் சமரசம். தகடுகளை விட்டுக்கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது, தென் கரோலினாவிலேயே இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அவை போக வேண்டும் என்று முடிவானது. சட்டம் கொடுக்காததை, விடாமல் கேட்ட ஒரு பெண் வாங்கினார்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? ஒன்று, முகமே சாவியாகிவிட்டது. நாம் எங்கோ போட்ட படங்களைக் கோடிக்கணக்கில் அள்ளி முகம் அடையாளம் காணும் தரவுத்தளம் கட்டியதற்காகக் கிளியர்வியூ நிறுவனத்துக்கு 2024இல் நெதர்லாந்து 3.05 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்படிப்பட்ட கருவிகள் எல்லா முகத்தையும் ஒன்றுபோலப் பார்ப்பதும் இல்லை. 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருட்களைச் சோதித்தார்கள். கறுத்த பெண்கள் விஷயத்தில் தவறு 34.7 சதவீதம் வரை போனது. வெளுத்த ஆண்களுக்கு அது 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது, கேமராவே இல்லாமல் படம் வருகிறது. 2023இல் போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கிய தன் படம் செயற்கை நுண்ணறிவு செய்தது என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். போலிப் படத்தால் வரும் கேட்டைவிட எனக்குப் பெரிய பயம் வேறு: உண்மையான படத்தையும் இனி "அது போலி" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஹைனின் பொத்தான் கணக்கு முன்னெப்போதையும்விட இப்போதுதான் தேவைப்படுகிறது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்திலிருந்து. படத்தோடு அதை எழுதி வையுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். 2025இல் டென்மார்க் அரசு, ஒருவரின் முகத்துக்கும் குரலுக்கும் பதிப்புரிமை போன்ற ஒரு பாதுகாப்பை அவருக்கே கொடுக்கும் திட்டத்தை முன்வைத்தது. சோஜர்னர் ட்ரூத் 1864இல் செய்ததை ஒரு நாடு சட்டமாக்கப் பார்க்கிறது என்றுதான் நான் அதைப் படித்தேன்.

நீங்கள் படமெடுக்கிறவராக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். எடுத்ததும் காட்டுகிறேன். எங்கெல்லாம் போகலாம் என்று சொல்கிறேன். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழிக்கிறேன். "எந்தப் பயன்பாட்டுக்கும்" என்ற வரி உள்ள ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் சில வேலைகள் போயிருக்கின்றன.

அந்த அம்மாவின் படத்தைத் திரும்பப் பெற எட்டு மாதம் ஆனது. ஒட்டிய சுவரொட்டிகள் வெயிலிலும் மழையிலும் தானாகத்தான் போயின. கடைசியில் நெகட்டிவைக் கவரில் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி இதிலிருந்து யாரும் பிரின்ட் போட முடியாது, நான் உட்பட, என்று சொன்னேன். அவர் அதை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முடியெல்லாம் வெள்ளையாகவும் பல்லெல்லாம் கறுப்பாகவும் இருக்கிறதே" என்றார். நெகட்டிவில் அப்படித்தான் தெரியும் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவருக்குள் போட்டுக்கொண்டார்.